மண்ணுக்கடியில் ஒரு மறைவுலகம்

கற்பனைக் கதையை உண்மை நிகழ்வின் பதிவுபோல் காட்டும் திரைவகையைப் போலி ஆவணப்படம் என்பர். அவ்வகையில் அமெரிக்க இயக்குநர் ஆடம் கிரீன் 2014இல் வெளிக்கொணர்ந்த ‘டிக்கிங் அப் த மேரோ’, பூமிக்கடியில் ‘மேரோ’ என்னும் மறைவுலகில் விகார உருவங்கள் வாழ்வதாகச் சாதிக்கும் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் வில்லியம் டெக்கரைப் பின்தொடர்கிறது. இவ்வுருவங்களுக்கு ஓவியர் அலெக்ஸ் பார்டியின் ஓவியங்களே மூலம்.

கிரீனும் ஒளிப்பதிவாளர் வில் பாரட்டும் தம் சொந்தப் பெயர்களிலேயே தோன்ற, டெக்கராக மட்டும் ‘ட்வின் பீக்ஸ்’ தொடரால் பலரும் அறிந்த ரே வைஸ் நடித்திருப்பதால், பார்வையாளரை ஏமாற்றுவது படத்தின் நோக்கமன்று என்பது முதலிலேயே விளங்கிவிடுகிறது. இரவில் காட்டுக்குள் ஒரு குழியின் அருகே பதுங்கியிருக்கும் டெக்கர், ஏதோ அசைவதாகக் கிசுகிசுத்தபடி சுட்டிக்காட்டுகையில், கேமராவில் இருட்டு மட்டுமே பதிகிறது. அவர் பித்தரா, புளுகரா, மெய்யாகவே கண்டவரா என்ற ஐயமே அச்சத்தை வளர்க்கிறது. உருவங்கள் வெளிப்படையாகக் காட்டப்படும் காட்சிகளைவிட, அவை கண்ணில் படாத காத்திருப்புகளே படத்தின் உண்மையான வலிமை என்பதால், திகில் பட ரசிகர்கள் பொறுமையோடு ஒருமுறையேனும் பார்க்கத் தக்க படம் இது.