ஒரு சூரியகாந்தித் தட்டு

துக்கம் நிகழ்ந்த வீட்டில் ஓராண்டுக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. கிறிஸ்தவர்களாகி நான்கு தலைமுறை கடந்த பின்னும் எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கம் மாறவில்லை. 2025 ஆகஸ்டில் அம்மா காலமானார். ஆகவே அந்த டிசம்பரில் சேலையூர் வீட்டில் கலகலா இல்லை, அதிரசம் இல்லை, முறுக்கு இல்லை. ஆண்டுதோறும் தட்டு நிறையப் பலகாரம் வைத்து, குரோஷாத் துணியால் மூடி, தெரு முழுவதும் அனுப்பிய வீட்டுக்கு, அந்த ஆண்டு தெருவிலிருந்து தட்டுகள் வந்துகொண்டிருந்தன. திருப்பித் தரும் தட்டை வெறுமையாகத் தரக்கூடாது என்று சர்க்கரை வைத்துத் தந்தோம்.

பிரியாணிக்கு அப்படித் தடை ஏதும் இல்லை. ஆனால் எங்களுக்குத் துணிவு இல்லை. நாங்கள் மூவர். மூத்தவர் பெருங்களத்தூரிலும், நடுவிலுள்ளவர் பல்லாவரத்திலும், இளையவள் அப்பாவோடு சேலையூரிலும் இருக்கிறோம். எங்களில் யார் செய்தாலும் மற்ற இருவரும் முதல் கவளத்திலேயே அம்மாவின் கையோடு ஒப்பிடுவோம். வாய் திறந்து சொல்லாவிட்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். போதாததற்கு, அப்பாவின் நிலையும் அதற்கு இடம் தரவில்லை. அவருக்கு வயது 82. பல்செட்டை அம்மா போன வாரத்தில் கழற்றி வைத்தவர் மீண்டும் அணியவில்லை. வயிற்றுப் புண் காரணமாகக் காரம் கூடாது என்பது மருத்துவர் கட்டளை. இவற்றைவிடப் பெரிய சிக்கல், அவர் மேசைக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். ரசம் சாதமோ கஞ்சியோ, கட்டிலுக்கு எடுத்துச் சென்றால் பாதி உண்பார். மீதியைத் தள்ளி வைப்பார். நாலு மாதத்தில் அவர் சட்டைகளெல்லாம் வேறொருவருடையவைபோல் தொங்கத் தொடங்கிவிட்டன.

காரமில்லாதது, மென்மையானது, இந்த வீட்டில் இதுவரை யாரும் சமைக்காதது. எங்களுக்குத் தேவைப்பட்டது அப்படியொரு பண்டம். நினைவே இல்லாத ஓர் உணவு என்றும் சொல்லலாம். அதைத் தந்தவள் மூத்தவரின் மகள். ருஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே டிசம்பர் 25 விடுமுறை நாளல்ல. பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் அவர்களுடைய திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7ஆம் தேதிதான். தேர்வுகள் நெருங்கியதால் அவளால் வர இயலவில்லை. தொலைபேசித் திரையில் தோன்றி, "தாத்தாவுக்கு பொத்சோல்னுக் பண்ணிக் குடுங்க. பல்லே வேண்டாம்" என்றாள். பொத்சோல்னுக் என்றால் சூரியகாந்தி. கோழியிறைச்சி, காளான், முட்டை, சீஸ் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே மஞ்சள் கருவைத் தூவி, விளிம்பில் உருளைக்கிழங்கு சிப்ஸை இதழ்களாகச் செருகிய சாலட். அவள் விடுதியில் ருஷ்ய மாணவிகள் புத்தாண்டுக்குச் செய்வார்களாம்.

அப்பாவுக்கும் ருஷ்யாவுக்கும் பழைய உறவு உண்டு. அவர் தாம்பரம் பணிமனையில் மின்ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். 2003இல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் ரயில்களும் ஓய்வு பெற்றன. சம்பளத்தின் ஒரு பகுதி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி வரும்போதெல்லாம் அதற்குப் போய்விடும். முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் வெளியீடுகள், ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்புகள். அந்தத் தடித்த அட்டைகளும், அச்சு மையின் தனி வாசனையும் இதை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். அவற்றில் வரும் உணவுகளை நாங்கள் கண்டதில்லை. சமோவாரும் கறுப்பு ரொட்டியும் முட்டைக்கோஸ் சூப்பும் எங்களுக்குச் சொற்களாக மட்டுமே ருசித்தன. அம்மா தேவாலயத்துக்குப் போவார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு அந்நூல்களை வாசிப்பார். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு மட்டும் இருவரும் ஒரே மேசைக்கு வந்துவிடுவார்கள்.

ருஷ்யர்களின் பண்டிகை மேசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1860களில் மாஸ்கோவில் ஹெர்மிடாஜ் என்ற உணவகத்தில் லூசியன் ஒலிவியே என்ற சமையற்காரர் செய்து புகழ்பெற்ற சாலட்டே, இன்று நம் ஊர் விருந்துகளில் 'ருஷ்யன் சாலட்' என்ற பெயரில் உலவுவதற்கெல்லாம் மூதாதை. தன் செய்முறையை அவர் இரகசியமாகவே வைத்திருந்தார். பின்னாளில் சோவியத் வீடுகளில் அது எளிமையடைந்தது: வேகவைத்த உருளைக்கிழங்கு, காரட், பட்டாணி, முட்டை, கோழி அல்லது சாசேஜ், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், மயோனைஸ். சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸ் பொது வாழ்விலிருந்து விலக்கப்பட்டது. 1935இல் அலங்கார மரம் புத்தாண்டு மரமாகத் திரும்பி வந்தது. விருந்தும் புத்தாண்டு இரவுக்கு இடம் மாறியது. அடுக்கு சாலட்டுகள் அந்த இரவுக்கு மிகவும் பொருந்துபவை. முன்கூட்டியே செய்து குளிரில் வைத்துவிடலாம். வைக்க வைக்க அடுக்குகள் ஒன்றோடொன்று ஊறிச் சுவை கூடும்.

"நம்ம பண்டிகைக்கு இது என்ன வெளிநாட்டுப் பண்டம்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். தாம்பரத்தில் இக்கேள்விக்கு விடை எளிது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்கே குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், சர்வதேச மிஷனரி மன்றத்தின் உலக மாநாடு அதன் வளாகத்தில் நடந்தது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 400க்கும் மேற்பட்டோர் வந்து, அந்தக் காட்டு மரங்களுக்கிடையே அவ்வாண்டுக் கிறிஸ்துமஸைக் கழித்தனர். அவ்வளவு பேருக்கு இடம் தந்த ஊர் ஒரு தட்டு சாலட்டைத் தாங்காதா என்றோம். உறவினர் சிரித்துவிட்டார்.

டிசம்பர் 24 காலை நாங்கள் மூவரும் சேலையூரில் கூடினோம். மேற்குத் தாம்பரம் சந்தையிலிருந்து எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோ, காளான் 200 கிராம், முட்டை ஐந்து, சீஸ் 100 கிராம். மயோனைஸ் வாங்கும்போது கவனம் தேவைப்பட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை செய்திருந்தது. வயதானவர் வயிற்றுக்கு அத்தடை நல்லதே என்று எண்ணி, முட்டை சேராத மயோனைஸ் புட்டி ஒன்றை வாங்கினோம். ஆலிவ் காய் கடையில் தீர்ந்துபோயிருந்தது. சூரியகாந்தியின் விதைகளுக்குப் பதிலாகக் கம்பம் பன்னீர் திராட்சையைப் பாதியாக நறுக்கி, விதை நீக்கி வைத்துக்கொண்டோம். வெள்ளரிக்காய் ஊறுகாய் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதுவும் அகப்படவில்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

கோழியை உப்பும் பிரிஞ்சி இலையும் இட்டு வேகவைத்து, வெந்த நீரிலேயே ஆறவிட்டோம். சூட்டோடு வெளியே எடுத்தால் கறி வறண்டுவிடும். பிறகு அப்பாவை மனத்தில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கினோம். காளானை வெங்காயத்தோடு, துளி வெண்ணெயில், நீர் வற்றும்வரை வதக்கினோம். எண்ணெய்ச் சட்டி வைத்த பழி வரக்கூடாதல்லவா? முட்டையின் வெள்ளையைத் துருவி, மஞ்சளை உதிர்த்துத் தனியே வைத்தோம். விருந்தினருக்கு மட்டும் எடுக்கும் பெரிய பீங்கான் தட்டில் முதலில் கோழி, அதன்மேல் காளான், பிறகு வெள்ளைக்கரு, பிறகு சீஸ். ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய மயோனைஸ் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கருத் தூவல். ஒருவர் பரப்ப, ஒருவர் பூச, ஒருவர் விளிம்பைத் துடைத்தோம். அம்மாவின் மறைவுக்குப் பின் நாங்கள் மூவரும் வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, கல்லறைக் கல் ஆகியவற்றைத் தவிர வேறொன்றையும் பற்றிச் சேர்ந்து பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டை மூடிக் குளிர்பெட்டியில் இரவு முழுவதும் வைத்தோம்.

மறுநாள் அதிகாலை ஆராதனை முடிந்து திரும்பியபின், கேம்ப் ரோடு கடையில் காரமில்லாமல் வாங்கியிருந்த சிப்ஸை விளிம்பில் செருகினோம். இதை முன்னதாகச் செய்தால் நமத்துவிடும். திராட்சைத் துண்டுகளை வரிசையாகப் பதித்தோம். மேசை நடுவே ஒரு பெரிய சூரியகாந்தி மலர்ந்துவிட்டது. நடுவிலுள்ளவர் அப்பாவின் கட்டிலருகே சென்று, "அப்பா, ருஷ்யா சாப்பாடு. வந்து பாருங்களேன்" என்றார். பேத்தி சொல்லித் தந்தது என்பதாலோ, அந்த நாட்டின் பெயராலோ, அவர் எழுந்து வந்தார். நாற்காலியில் அமர்ந்து வெகுநேரம் தட்டையே பார்த்தார். அழகு என்று சொல்லவில்லை. நாங்களும் எதையும் கேட்கவில்லை.

ஒரு கரண்டி வாயிலிட்டு மெல்ல அசைபோட்டார். நாங்கள் மூவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார்.

"இனிக்குதே. புளிப்பே இல்லையே" என்றார்.

உண்மைதான். அந்தப் புட்டி மயோனைஸில் இனிப்பு தூக்கல். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ருஷ்யாக்காரன் உப்பு வெள்ளரிக்காய் இல்லாம விருந்து வைப்பானா? எத்தனை கதையில வருது" என்றார். சற்று நேரம் கழித்து, "மேல் தட்டுல அம்மா போட்ட நார்த்தங்காய் இருக்குல்ல, அதைப் பொடியா நறுக்கிக் கொண்டா" என்றார்.

அந்த ஜாடி அங்கிருப்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மே மாதம் மொட்டை மாடியில் அம்மா காயவைத்தவை. அறுபடாமல் சுருளாக நறுக்கி, உள்ளே உப்பு அடைத்து, பகலில் வெயிலும் இரவில் ஜாடியுமாகப் பல நாள் காட்டி எடுத்தவை. மிளகாய் சேராதவை, காய்ச்சல்காரருக்கும் தரலாம். ஆகஸ்டுக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டாம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்ளவும் இல்லை. தூசி துடைக்கும்போதுகூட அதைச் சுற்றியே துடைத்து வந்தோம்.

இளையவள் ஸ்டூல் போட்டு இறக்கினாள். மூடி இறுகியிருந்தது, மூத்தவர் திறந்தார். எந்த வாசனையும் எழாதிருக்க இந்தச் சமையலைத் தேர்ந்தோமோ, அந்த வாசனை கூடமெங்கும் பரவியது. எவரும் அழவில்லை என்று சொன்னால் பொய்யாகும். அப்பா மட்டும் அழவில்லை. கடுகளவு நறுக்கிய நார்த்தங்காயைச் சாலட்டின் மேல் தூவிப் பிசைந்து, இரண்டாம் முறையும் வாங்கி உண்டார். நாங்களும் அப்படியே உண்டோம். உப்பும் புளிப்பும் இலேசான கசப்பும் சேர்ந்து அந்தப் பண்டத்தைத் தூக்கி நிறுத்தின. அது இல்லாதபோது குறை என்னவென்று எங்கள் மூவரின் நாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாலையில் மகள் அழைத்து, வெள்ளரிக்காய் கிடைத்ததா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, தனக்கு ஒரு துண்டு எடுத்துவைக்கச் சொன்னாள்.

இப்போது அப்பா மதியத்துக்கு மேசைக்கு வருகிறார். கஞ்சியோடு ஒரு துணுக்கு நார்த்தங்காய். ஜாடியில் இன்னும் ஏழு காய்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மகளுடையது. காய் அறுபடாமல் சுருளாக நறுக்க எங்கள் மூவருக்கும் தெரியாது. கோடையில் பழக வேண்டும்.