யாருடைய மனதைப் படிக்கிறோம்?

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்ணுக்கு இலை பறிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே மேஸ்திரி என்ன மனநிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டும். அவர் வீட்டில் சண்டை என்றால், கல்லும் சரிவுமான பத்தி அன்றைக்கு யார் தலையில் விழும் என்று தெரிய வேண்டும். சாயங்காலம் கணவர் லயத்துப் படி ஏறிவரும் சத்தத்தை வைத்தே, குடித்திருக்கிறாரா, எவ்வளவு குடித்திருக்கிறார், பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இலை எடுத்த என் அம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி.

இந்தத் திறமைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது: உணர்ச்சி நுண்ணறிவு. 1990இல் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் இந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது. இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரியிலும் வருடம் தவறாமல் இதற்கு ஒரு பயிலரங்கு நடக்கிறது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமென்றால் உணர்ச்சிகளைக் கையாளப் பழகுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். கோபம் வந்தால் பத்து வரை எண்ணுங்கள், அடுத்தவர் இடத்தில் நின்று பாருங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்று அறிவுரை போகிறது. ஒருமுறை, எஸ்டேட்டிலிருந்து படிக்க வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “எண்ணி முடிச்ச பிறகும் கோபம் இருந்தா என்ன செய்யறது?” வகுப்பே சிரித்தது. “இன்னொரு பத்து எண்ணுங்க” என்று பயிற்சியாளரும் சிரித்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. கோல்மனின் பட்டியலில் முதலில் வருவதே தன் உணர்ச்சியைத் தான் அறிவதுதான். அடுத்தவர் உணர்ச்சியை அறிவது அதற்குப் பிறகுதான் வருகிறது. நம் பெண்களுக்குச் சொல்லித்தரும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. அடுத்தவர் மனதைப் படிக்க நமக்குப் பயிற்சியே தேவையில்லை. தொட்டில் பருவத்திலிருந்து அதில்தான் வளர்கிறோம். நம் மனதைப் படிக்கத்தான் யாரும் நேரம் ஒதுக்கித் தரவில்லை.

அம்மாவுக்கு அந்தப் படிப்பு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். அவர் நுவரெலியாப் பக்கம் பிறந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. கையெழுத்துப் போடும் முன் அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்கு வந்து சேர்ந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் 1976இல் டேன்டீ ஆனது. தாத்தாவுக்குத் தனியார் தோட்டமொன்றில் இடம் கிடைத்தது. ஊரில் எல்லோருக்கும் இவர்கள் ‘சிலோன்காரங்க’. ஒண்ட இடம் கிடைத்து வந்தவர்கள், வாய் திறப்பதற்கு முன் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அம்மா முகம் பார்க்கப் பழகியது அப்படித்தான்.

ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் எழுதிய நூலில், விமானப் பணிப்பெண்களின் சிரிப்பும் அவர்கள் விற்கும் உழைப்பில் சேர்த்தி என்று காட்டினார். ‘உணர்ச்சி உழைப்பு’ என்பது அவர் கொடுத்த சொல். விமானத்தில் அதற்குச் சம்பளமாவது உண்டு. லயத்து வீட்டில் கணவர் முகம் வாடாமல், மாமியார் மனம் கோணாமல், மேஸ்திரி எரிந்து விழாமல் பார்த்துக்கொண்டவளுக்குக் கிடைத்தது ஒரு நற்சான்றிதழ்: “தங்கமான பொம்பள, கோபமே வராது.”

கோபம் வந்தது. வேறு பெயரில் வந்தது. நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்குத் தீராத தலைவலி. டிஸ்பென்சரி மாத்திரை கேட்கவில்லை. அந்த வருடம் தோட்டத்தில், இலையின் ஈரத்துக்கென்று ஒவ்வொரு சாக்குக்கும் மூன்று கிலோ கழித்துக்கொண்டிருந்தார்கள். மழை நாளில் கழித்தார்கள் என்றால் ஒரு நியாயம் இருந்தது. வெயில் காய்ந்த நாளிலும் கழித்தார்கள். ஒருநாள் ராத்திரி பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார்: “கவனிச்சியா புள்ள, எடை போடுற நேரத்துக்குத்தான் உனக்குத் தலை வலிக்குது.” அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இது தலைவலி இல்லக்கா, கோவம்” என்றார்.

சலோவியும் மேயரும் எழுதியது இதைத்தான்: உணர்ச்சியை அடையாளம் காண்பது, அது எதிலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்வது, யோசிக்கவும் முடிவெடுக்கவும் அதைப் பயன்படுத்துவது. அடக்கு என்று அவர்கள் சொல்லவில்லை. அம்மாவும் அக்காவும் மற்ற பெண்களிடம் பேசிப் பார்த்தார்கள். ஒருத்திக்கு நெஞ்செரிச்சல், இன்னொருத்திக்குத் தூக்கமின்மை. அடுத்து, முகம் படிக்கும் பழைய திறமை கைகொடுத்தது. மேஸ்திரியிடம் பேசினால் அவர் பயந்துபோய்க் கத்துவார் என்று அவர்களுக்குத் தெரியும். மேனேஜர் காட்டுக்கு வரும் நாள், மேகமே இல்லாத நாளாகப் பார்த்துக் காத்திருந்தார்கள். அன்றைக்குப் பதினொரு பெண்கள் தராசு முன்னால் சாக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். “காஞ்ச இலைக்கு எதுக்குங்கய்யா தண்ணிக் கழிவு?” என்று அம்மா கேட்டார். மேனேஜரிடம் பதில் இல்லை. வெயில் நாளில் கழிப்பது நின்றது. அன்று சாயங்காலம் அவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

2015 செப்டம்பரில் இதையே ஆயிரக்கணக்கான பெண்கள் செய்வதை அம்மாவும் நானும் டிவியில் பார்த்தோம். மூணாறில் கண்ணன் தேவன் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுபவர்கள், போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்து வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களின் தினக்கூலி 232 ரூபாய். தங்கள் பெயரைச் சொல்லிச் சந்தா வாங்கிய தொழிற்சங்கத் தலைவர்களை அவர்கள் கிட்டே அண்டவிடவில்லை. பெண்பிள்ளை ஒற்றுமை என்ற பொருளில் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து இருபது சதவீதம் கிடைத்தது. பிறகு கூலியும் 301 ரூபாயானது. அந்த அமைப்பு பின்னால் பிளவுபட்டுச் சுருங்கியதும் உண்மைதான். ஆனாலும் அத்தனை வருடக் கோபத்தை ஒழுங்காகப் படித்து, எதைக் கேட்பது, யாரை விலக்குவது என்று முடிவெடுத்த அந்தப் பெண்களைவிட உணர்ச்சி நுண்ணறிவுக்கு நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதனால் கோபப்படும் பெண்ணெல்லாம் ஜெயிப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. தனியாகக் கோபப்பட்டவள் வேலையை இழந்ததையும் அடி வாங்கியதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எப்போது, யாரோடு சேர்ந்து, எந்த வாசலில் நின்று பேசுவது என்பதும் இந்த அறிவில் சேர்ந்ததுதான். மனதை மட்டும் சரிசெய்தால் மகிழ்ச்சி வந்துவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கைக்குழந்தையை விட்டுவிட்டு மலையேறுகிறவளின் நிம்மதிக்கு அந்தக் காப்பகம் வேண்டும். மூச்சுப் பயிற்சியால் அது வந்துவிடாது.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். போன மாதம் தம்பி போன் செய்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரம் வரச் சொன்னான். “இந்த வாரம் முடியாதுடா, எனக்கு அலுப்பா இருக்கு” என்றார் அம்மா. வீட்டில் எல்லோருடைய அலுப்பையும் அறிந்தவர், தன் அலுப்பைப் பேர் சொல்லிச் சொல்ல அறுபது வயது ஆகியிருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழிகளுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம். கோபம் வரும்போது பத்து வரை எண்ணுவதில் தவறில்லை. எண்ணுகிற நேரத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது எதற்காக வந்தது? எந்த நேரத்தில் வருகிறது? எனக்கு மட்டும்தான் வருகிறதா, பக்கத்தில் இருப்பவளுக்கும் வருகிறதா? மூன்றாவது கேள்வியை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் அவளிடமே கேட்டுவிடுங்கள்.