பழனி மலைக்கு மூன்று நிமிடம்

மல்லாங்கிணறு பக்கம் கரிசல் காடுதான். கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிற குடும்பங்களில் மூட்டு வலியோடு ஒரு பாட்டியாவது இருப்பார். அடிவாரத்தில் இறங்கியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “ரோப்கார் ஓடுதாப்பா?”

ஏறக்குறைய 700 படிகள். இளவட்டங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. பாட்டிக்கு அதுதான் தரிசனம் கிடைக்குமா, கிடைக்காதா என்பதையே முடிவு செய்கிறது.

மேற்கு கிரிவீதியில் விஞ்ச் இருக்கிறது. 1966-ல் வந்தது. தண்டவாளத்தில் நிற்கும் பெட்டியை இரும்பு வடத்தால் மேலே இழுக்கும் ஏற்பாடு; நிதானமாக எட்டு நிமிடம் போல எடுத்துக்கொள்ளும். தெற்கு கிரிவீதியில் 2004-ல் வந்த ரோப்காருக்கு மூன்று நிமிடம் போதும். நான்கு பெட்டிகள் மேலே போகும்போது எதிர்ப்பக்கம் நான்கு கீழே வரும். கிணற்றில் இரட்டை வாளி இறைப்பது மாதிரிதான். இறங்குகிற பாரம் ஏறுகிற பாரத்துக்குக் கை கொடுப்பதால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது. நிலையத்தில் பெட்டி நின்ற பிறகே ஆட்களை ஏற்றுகிறார்கள்.

பனிமலைகளில் சறுக்கப் பழகுகிறவர்கள் ஏறும் நாற்காலி லிஃப்ட் அப்படி நிற்காது. வடம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் வருகிற நாற்காலியில் சட்டென்று உட்கார்ந்துகொள்ள வேண்டும். உலகின் முதல் நாற்காலி லிஃப்டுகள் 1936-ல் அமெரிக்காவின் சன் வேலியில் ஓடின. வடிவமைத்த ஜேம்ஸ் கரன் ரயில்வே கம்பெனி இன்ஜினீயர். அதற்கு முன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் வடங்களில் வேலை பார்த்தவர். தார் தொங்கிய கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினால் என்ன என்று யோசித்தார். வாழைத்தார் விழுந்தால் நசுங்கும், அவ்வளவுதான். மனிதரை ஏற்ற எந்த வேகம் சரிப்படும்? லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைக் கட்டி, ஓட்டிப் பார்த்து முடிவு செய்தார்கள். பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் பிசைகிற பழனிக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்கிறது!

ஆனால் வடத்தில் தொங்குகிற எதுவும் விளையாட்டில்லை. 2007 ஆகஸ்டில் பழனி ரோப்கார் விபத்துக்குள்ளாகி நான்கு பேர் இறந்தார்கள். மாதக்கணக்கில் சேவை நின்று போனது. அதை நினைத்துப் பார்த்தால், இன்றைக்கு ‘பராமரிப்புக்காக நிறுத்தம்’ என்ற பலகையைப் பார்த்துக் கோபப்படத் தோன்றாது. தினமும் மதியம் ஒரு மணி நேரம், மாதத்தில் ஒரு நாள், ஆண்டில் ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாக ஓய்வு. வடம், கப்பி, பேரிங், ஷாஃப்ட் எல்லாவற்றையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றுகிறார்கள். காற்று பலமாக வீசினாலும் நிறுத்திவிடுவார்கள். ஆடிக் காற்று சமயத்தில் இது அடிக்கடி நடக்கும்.

1305 படிகள் கொண்ட சோளிங்கருக்கும், 1017 படிகள் கொண்ட அய்யர்மலைக்கும் 2024-ல் ரோப்கார் வந்துவிட்டது. அங்கேயும் பாட்டிகள் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

பழனிக்குக் கிளம்பும் முன் ரோப்கார் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. ஓடவில்லை என்றால் விஞ்ச் இருக்கிறது. வரிசைதான் கொஞ்சம் நீளும். ஆண்டுப் பராமரிப்பு முடிந்ததும் ஆட்களை உடனே ஏற்றுவதில்லை. பெட்டிகளில் எடைக்கற்களை வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, அதிகாரிகள் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் கவுன்டர் திறக்கும்.