வெள்ளி இரவு மெயில்

எங்கள் பக்கத்தில் உத்தியோகம் என்றால் கொழும்பு. கொழும்பு என்றால் கோச்சி. தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் வீட்டுக்கு ஒருவராவது கொழும்பில் ஏதாவது ஒரு கந்தோரில் வேலை பார்த்த காலம் அது. அவர்கள் அனுப்பிய காசில்தான் கிணறு வெட்டினார்கள், கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். யாழ்ப்பாணத்தை ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று எழுதியவர்கள் காசை எண்ணினார்கள். அந்தக் காசை உழைத்த மனிதரைச் சனி ஞாயிறில் வீட்டில் கொண்டுவந்து சேர்த்த ரயிலைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. என் ஏக்கமெல்லாம் அந்த வெள்ளி இரவு மெயில் வண்டிமேல்தான்.

வடபகுதி ரயில் என்றதும் எல்லார் வாயிலும் வருவது யாழ்தேவி. 1956 ஏப்ரல் 23 இல் ஓடத் தொடங்கிய வண்டி அது. 1955 இல் ரயில்வேயின் பொது முகாமையாளரான பி. டி. ரம்பல நெடுந்தூரக் கடுகதிகளைக் கொண்டுவந்த காலம். கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்திறங்கிய கனடா டீசல் எஞ்சின்கள் அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர்களைத் தாங்கி ஓடின. யாழ்தேவிக்குரிய மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அது பகல் வண்டி. லீவு எடுத்தவருக்கும், குடும்பத்தோடு போகிறவருக்கும் உகந்தது. கிழமை முழுக்க மேசையில் குனிந்திருந்துவிட்டு, ஒரு நாள்கூட லீவு போடாமல் ஊருக்குப் போய்வர நினைத்தவருக்கு மெயில்தான் கதி.

அதன் நேர அட்டவணையை வகுத்தவர் யாரோ, உத்தியோகத்தரின் வாழ்க்கையை நன்றாக அறிந்தவராக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டு, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடும் ‘சமறி’க்குப் போய், குளித்து, சாப்பிட்டு, பையைக் கட்டிக்கொண்டு ஆறுதலாகக் கோட்டை ஸ்ரேசனுக்கு வரலாம். ஏறி உறங்கினால் விடியற்காலை ஊர். ஞாயிறு பின்னேரம் காங்கேசன்துறையில் புறப்படும் வண்டியில் திரும்பி ஏறினால், திங்கள் காலை முகம் கழுவிக்கொண்டு கந்தோருக்குப் போகலாம். இரண்டு இரவும் ரயிலில், இரண்டு பகலும் வீட்டில். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தில் வேலை செய்த மனிதர், பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்க்கவும், வேலி அடைக்கவும், கோயிலுக்குப் போகவும் அந்த அட்டவணை இடம் வைத்திருந்தது.

கட்டணமும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பு ரிக்கற் சாதாரண லிகிதரின் சம்பளத்துக்குள் அடங்கியது. அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்துக்குச் சில இலவச வாறண்டுகளும் உண்டு. வாறண்டை எங்கள் வீட்டில் சாமியறைப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். தைப்பொங்கலுக்கு ஒன்று, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒன்று, நல்லது கெட்டதுக்கென்று ஒன்று எனப் பிரித்து வைத்துத்தான் எடுப்பார்கள். கவுண்டரில் அதைக் கொடுத்தால் தடித்த மட்டை ரிக்கற் கைக்கு வரும். திகதி அழுத்திய அந்தச் சின்ன மட்டையை ஐயா சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் பூட்டிவிடுவார்.

இந்தச் சனி ஞாயிறே ஒரு காலத்தில் இல்லாமல் போனதும் உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வேலை நாள். போயா நாளும் அதற்கு முந்திய அரை நாளுமே விடுமுறை. சந்திரனைப் பார்த்து வந்த அந்த லீவு ஒரு கிழமை செவ்வாயில் விழும், இன்னொரு கிழமை வியாழனில் விழும். கலண்டரில் போயாவுக்கு வட்டம் போட்டுவிட்டு வீடுகள் காத்திருந்ததை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நாள் மாறினாலும் ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

ஐயாவோடு அந்த வண்டியில் போன நாட்கள் எனக்கு நல்ல நினைவு. பொல்காவலைக்கு அப்பால் வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்காக நடுச்சாமத்தில் ஏதோ ஒரு சின்ன ஸ்ரேசனில் காத்து நிற்போம். சாரதி ரப்லட் வளையத்தை நீட்ட, விளக்கோடு நின்றவர் அதை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பார். அந்த வளையம் கைக்கு வராமல் வண்டி அடுத்த பகுதிக்குள் போகமுடியாது என்று ஐயா விளங்கப்படுத்தியதிலிருந்து, உறக்கத்தை விட்டு எழும்பி அதைப் பார்ப்பேன். மாகோவிலும் அநுராதபுரத்திலும் “வடே, வடே” என்ற குரல் யன்னலோரமாக ஓடும். வவுனியா தாண்டினால் பெட்டிக்குள் பேச்சு மாறும். “எங்கை இறங்கிறியள்? சாவகச்சேரியோ? ஆற்றை மகன்?” இரண்டு கேள்வியில் உறவு வந்துவிடும். எத்தனையோ கலியாணப் பேச்சு அந்த வாங்குகளில் தொடங்கியிருக்கிறது.

ஆனையிறவில் விடியும். இரு பக்கமும் நீரும் உப்பளமும் வெளிக்க, பெட்டியில் எல்லாரும் எழும்பித் தலை இழுப்பார்கள். பளை, கொடிகாமம், மீசாலை என்று ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் ஆட்கள் இறங்க இறங்கப் பெட்டி வெறுமையாகும். ஞாயிறு பின்னேரம் இதே மனிதர்கள் சுமையோடு திரும்புவார்கள். வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நல்லெண்ணெய்ப் போத்தல், புழுக்கொடியல், முருங்கைக்காய்க் கட்டு, மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான், இராச் சாப்பாட்டுக்கு வாழையிலையில் கட்டிய புட்டு. கொழும்புச் சமறிகளில் அடுத்த கிழமை முழுக்க எங்கள் அம்மாக்களின் கைமணம் இருந்தது.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்களும் கழற்றப்பட்டுக் காவலரண்களாயின. ஸ்ரேசன்கள் கூரையிழந்து நின்றன. ஒரு தலைமுறை ரயிலையே காணாமல் வளர்ந்தது. போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியோடு பாதை மீண்டும் போடப்பட்டது: 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்டோபர் 13 இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 இல் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்துக்கு முதல் வண்டி வந்த அன்று முதியவர்கள் அழுததில் ஆச்சரியம் எதுவுமில்லை. அவர்கள் இளமையின் பெரும்பகுதி அந்தப் பாதையில்தான் கழிந்தது.

புதிய பாதை நன்றாக இருக்கிறது. வண்டி வேகமாகவும் போகிறது. ஆனால் இருபத்துநான்கு வருட இடைவெளியில் ஊரின் பழக்கம் மாறிவிட்டது. வெள்ளி இரவில் இன்று வெள்ளவத்தையில் வரிசையாக நிற்பவை சொகுசு பஸ்கள். 2024 இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் திருத்தவேலை நடந்தபோது ரயில் மாதக்கணக்கில் நிற்க, பஸ் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது. கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைக்கும், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், பல்கலைக்கழக மாணவனுக்கும் அந்தச் சொகுசுக் கட்டணம் கிழமைக்குக் கிழமை கட்டுப்படியாகாது. எனவே அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்று வரவைக் குறைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஐயாமார் கிழமைதோறும் வந்து பேணிய வீடுகளின் இன்றைய நிலை இது.

ரயில் அட்டவணை போடுகிறவர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் உண்டு. வெள்ளி இரவு வடக்கே, ஞாயிறு இரவு தெற்கே என்ற அந்த ஒழுங்கை எந்தக் காரணத்துக்காகவும் குலைக்காதீர்கள்; முற்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் குறைக்காதீர்கள். ஊர்ச் சனத்திடமும் ஒன்று கேட்கிறேன்: அடுத்த பயணத்துக்குப் பஸ்ஸுக்கு முன் மெயிலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் ஏறாத வண்டியை எந்த அரசாங்கமும் நெடுநாள் ஓட்டாது.