பாலாறு: நீருக்குள் ஓடும் எல்லை

பாலாறு என்றதும் வேலூர் வழியோடும் ஆறே பலர் நினைவுக்கு வரும். இது வேறு. மாதேசுவரன் மலைக் காடுகளினூடே வந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேற்பகுதியில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. கரையிலுள்ள சிற்றூருக்கும் அதுவே பெயர். கொளத்தூரிலிருந்து மலைக்கோயிலுக்குச் செல்லும் பேருந்து இங்குள்ள பாலத்தைக் கடந்தால் கர்நாடகம்.

இவ்வெல்லை பழையதன்று. கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பில் மைசூருக்குச் சென்றது. சாமராசநகர் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆகவே பழைய ஆவணங்களில் பாலாறு மைசூர் மாவட்டத்து ஊர்.

வெளியுலகம் இவ்வூரை அறிந்தது 1993 ஏப்ரல் 9 அன்று, வீரப்பன் குழுவினரின் கண்ணிவெடியால். இறந்தோர் 22 பேர். அவர்களுள் பெரும்பாலோர் காவலர் அல்லர். தகவல் சொல்லவும் வழிகாட்டவும் உடன்சென்ற எளிய மக்கள். ஆய்வுகள் வீரப்பனையும் அதிரடிப்படையையும் பேசிய அளவுக்கு இவர்களைப் பேசவில்லை என்பது வருத்தத்திற்குரியது.

மேட்டூர் அணை நிரம்பும்போது நீர் பாலாற்றின் வாய்க்குள் எதிரேறும், மீனும் ஏறும், பின்னாலேயே கோவிந்தப்பாடி மீனவரின் பரிசலும் ஏறும். எல்லை அப்போது நீருக்கடியில். 2023 பிப்ரவரியில் கர்நாடக வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் ஒரு மீனவரின் உடல் இவ்வாற்றில்தான் மிதந்தது. வேட்டைக்கு வந்தவர் என்றது ஒரு கரை. மீன்பிடிக்கச் சென்றவர் என்றது மறுகரை.