விதைநெல் குதிரில் துரு ஓட்டை



மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அக்காள் மகன் போன வாரம் போனில் கேட்டான்: "மாமா, மாப்பிள்ளைச் சம்பா விதை போட்டு வைக்கிற தகரக் குதிரோட அடியில நாலஞ்சு ஓட்டை. வெல்டிங் வச்சுடலாமா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" ரெண்டும் வேண்டாம் என்றேன். பல வீடுகளில் இதே குதிரும் இதே ஓட்டையும் இருக்கும் என்பதால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஊசித்துளைதானே என்று விடக்கூடாது. தை அறுவடையில் எடுத்த விதை ஆடி, ஆவணி வரை அதற்குள் கிடக்க வேண்டும். விதைச் சான்று விதிப்படி நெல் விதையின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கோடை மழையில் தரை ஓதம் அந்தத் துளை வழியாக ஏறினால் அடிநெல் பூசணம் பிடித்து முளைப்பு போய்விடும். பாரம்பரிய ரகம் என்றால் நினைத்தபோது கடையில் வாங்கவும் முடியாது.

தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் ரகுநாத நாயக்கர் காலத்துப் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டு இரும்பு, இன்னும் நிற்கிறது. துரு மேல்தோலைத் தின்றாலும் உள்ளே அவ்வளவு கனம். நம் குதிர்த் தகரமோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மேலே உள்ள துத்தநாகப் பூச்சு, தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஈரத் தரையில் உட்காரும் அடியிலும் மடிப்பிலும் அந்தப் பூச்சு முதலில் தீர்ந்துவிடுகிறது.

வெல்டிங் ஏன் கூடாது? அந்தச் சூட்டில் துருவேறி மெலிந்த தகரம் உருகி, கடுகளவு ஓட்டை காசளவு ஆகும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். குதிரைக் காலி செய்து கவிழ்த்து, உள்ளிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். துளைகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சுற்றிலும் ஓர் ஆணியால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போகிற இடமெல்லாம் ஓட்டைக் கணக்கில்தான் சேரும். பிறகு இரண்டு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். துருவின் மேல் ஈயம் பிடிக்காது. துவரம்பருப்பைவிடச் சின்ன துளைக்கு ஈயம் மட்டுமே போதும். பெரிய துளைக்கு அதே நாகத் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெளிப்புறமாக வைத்து ஈயத்தால் ஒட்ட வேண்டும். பித்தளை, செம்புத் துண்டு வைக்காதீர்கள். ஈரம் பட்டால் பக்கத்து இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். ஒட்டுவதற்குத் தடவிய திராவகத்தைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். அது தங்கினால் அங்கேயே மறுபடி துரு கிளம்பும்.

ஒரு எச்சரிக்கை. நாம் 'ஈயம்' என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு உலோகம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும், அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைப்பதில்லை. காரீயம் வேறு, அது நஞ்சு. ரேடியோ ரிப்பேர் கடையில் பயன்படுத்தும் ஈயக் கம்பியில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். விதைநெல் குதிருக்கு வெளிப்புறம் அது பரவாயில்லை. குடிதண்ணீர் வாளிக்கும் அரிசி டின்னுக்கும் கூடவே கூடாது. காரீயம் கலக்காத கம்பி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த வாளியைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

ஆணி வைத்த இடமெல்லாம் உள்ளே போனால் ஒட்டுப் போடுவது வீண். தகர வேலை செய்பவரிடம் கொடுத்து அடித்தட்டையே மாற்றிவிடலாம். உடம்புத் தகரம் நன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டையை அடைப்பது பாதி வேலை. வெளி அடிக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்து, நாலு செங்கல், மேலே பலகை, அதன்மேல் குதிர். அடியில் காற்றோடினால்தான் ஒட்டு நிலைக்கும். அறுவடைக்கு முன்னால் உங்கள் வீட்டுக் குதிரை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், பிள்ளைகளே.