விருபாட்ச குகைக்கு வந்த ஹாரன் சத்தம்

அமைதி தேடிப் போக ஏற்ற ஊர் என்று திருவண்ணாமலையைச் சொல்ல எனக்கு வாய் வராது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் அது. சாதாரண நாளிலும் செங்கம் சாலையில் பேருந்துகளும் லாரிகளும் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை. ரமண மகரிஷியின் ஆசிரமமான ரமணாசிரமம் இருப்பது அந்தச் சாலையோரத்தில்தான்.

ஆசிரமத்தின் பின்பக்கம், மலைமேல் இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு ஒரு கல் பாவிய பாதை ஏறுகிறது. ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த மலைச்சரிவு இது. ஆண்டுக்கணக்காக மரம் நட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களின் புண்ணியத்தில் இன்று நிழலில் நடக்க முடிகிறது. நான் போனது ஒரு மார்கழிக் காலை. ஏற ஏற ஊர்ச் சத்தம் கீழே தங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவும் கூடவே ஏறி வந்தது. ஸ்கந்தாசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு பாறையில் நின்றால் அண்ணாமலையார் கோயில் முழுசாகத் தெரிகிறது. 217 அடி ராஜகோபுரம் அங்கிருந்து கொலுப் பொம்மை மாதிரிதான் இருந்தது. ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் குறையாமல் கேட்டது.

வழியில் ஒருவர் மாக்கல்லில் சிறு சிலைகள் செதுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஏதோ ஒரு பேருந்து விடாமல் அலறியது. அவர் தலை நிமிரவில்லை. “இந்த நந்தி எவ்வளவுண்ணே?” என்று மெதுவாகத்தான் கேட்டேன். உளி சட்டென்று நின்றது. “நூத்தம்பது ரூபா சார்.”

ஸ்கந்தாசிரமத்தைத் தாண்டி ஊர்ப்பக்கமாகக் கீழே இறங்கினால் விருபாட்ச குகை. 1899 முதல் 1916 வரை ரமணர் தங்கியிருந்த இடம். உள்ளே அரையிருட்டு, புழுக்கம். வெளிச்சத்தம் அநேகமாக அடங்கிவிடுகிறது. கண்ணை மூடியதும் என் சொந்தச் சந்தை கூடிவிட்டது: கட்ட வேண்டிய தவணை, பதில் போடாத வாட்ஸ்அப், போன வாரக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டிய பதிலடி. ஹாரனே தேவலாம் என்று தோன்றியது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன்.

ரமணருக்கு மட்டும் ஊர் சும்மா இருந்ததா? 1896-இல், 16 வயதில் வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தவர்மீது சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். நிலவறையான பாதாள லிங்கத்துக்கு இறங்கினார், அங்கேயும் விடவில்லை. மலைமேல் குடியேறிய பிறகு தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்து அடுப்பு மூட்டினார். 1922-இல் தாயார் மறைந்தபின் சமாதியருகே ஆசிரமம் வளர்ந்தது. பார்க்க வருகிறவர்களுக்குக் கூடத்துக் கதவு திறந்தே இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அவர் விடியுமுன்னே சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். மௌனத்துக்குப் பேர்போனவரின் நாள் அம்மிச் சத்தத்தோடுதான் தொடங்கியிருக்கிறது.

சிற்பிக்கும் காது நன்றாகவே கேட்டது. என் மெல்லிய கேள்வி எட்டியது, ஹாரன் எட்டவில்லை. கை ஒரு வேலையில் ஊன்றியிருக்கும்போது காது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கையைக் கட்டிக்கொண்டு குகைக்குள் உட்கார்ந்த எனக்கு என் சந்தை முழுவதும் கேட்டது.

ஊர் திரும்பிய பிறகு காலையில் காய் நறுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்துக்குச் செல்போன் வேறு அறையில் கிடக்கும். அவரைக்காய்க்கு நார் உரித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றிருக்கிறது என்பதைச் சில நாள் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். சில நாள் ஒவ்வொரு சுற்றும் காதில் விழுகிறது. விழுகிற நாளில் கை அவரைக்காயில் இருந்தாலும் மனம் அலுவலகத்துக்குப் போய்விட்டது என்று புரிந்துகொள்கிறேன். மலை ஏறாமலே செய்யக்கூடிய காரியம்தான். ஏறியிருக்காவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.